முதல் நாள் இரவே தொடங்கும் பொசோலே

மக்காச்சோளத்தையும் இறைச்சியையும் நெடுநேரம் கொதிக்க வைத்துச் செய்யும் மெக்சிகோவின் சாறு உணவான பொசோலேயைச் செய்வதென்று முடிவெடுத்தால் முதல் நாள் இரவே சுண்ணாம்பைக் கரைத்தாக வேண்டும். இறைச்சி வாங்குவதும் மிளகாய் அரைப்பதும் மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளக்கூடிய வேலைகள். மெக்சிகோவின் வடமேற்கில், சோனோரா மாநிலத்தின் தலைநகரான எர்மோசீயோவில் குடியிருக்கும் எங்கள் வீட்டில் மாட்டிறைச்சிப் பொசோலே இப்போது வழக்கமான விடுமுறை நாள் சமையலாகிவிட்டது. செய்முறை கேட்கும் நண்பர்கள் பெரும்பாலும் "இறைச்சிக்கு எத்தனை விசில்?" என்றுதான் தொடங்குகிறார்கள். இறைச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டியவை உண்டு. ஆனாலும் பொசோலே அடிப்படையில் மக்காச்சோளத்தின் உணவு என்பதையும், இறைச்சியும் மிளகாயும் அந்தச் சோளத்துக்குத் துணையாக வருபவை என்பதையும் மனத்தில் கொண்டு சமைத்தால்தான் சட்டி சரியாக அமையும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்தப் பதிவிலும் சோளத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இதற்கென்று தனி மக்காச்சோளம் உண்டு. கக்காவாசிந்த்லே என்று பெயர். நாம் அவித்துத் தின்னும் இனிப்புச் சோளத்துக்கும், கோழித் தீவனத்துக்குப் போகும் மஞ்சள் சோளத்துக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. ஒவ்வொரு மணியும் கட்டைவிரல் நகத்தின் அகலம் இருக்கும். நிறம் வெளுப்பு. மணியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கெட்டியான, பளபளக்கும் பகுதி ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டும் தெரியும். மற்றதெல்லாம் பொடிப்பொடியான மாவு. மாவு இப்படி மிகுந்திருப்பதால்தான் நெடுநேரம் கொதிக்கும்போது மணி நீரை உறிஞ்சிப் பருத்து, முனையில் வெடித்து, இதழ் விரிக்கிறது. மெக்சிகோ நகரத்துக்கு மேற்கே தொலூக்கா பள்ளத்தாக்கின் உயரமான குளிர்நிலங்கள் இந்த ரகத்துக்குப் பேர் போனவை. எர்மோசீயோவின் சந்தையில் இது பல நிலைகளில் கிடைக்கிறது: தோலோடு காய்ந்த மணி, தோல் நீக்கி முனை கிள்ளிய காய்ந்த மணி, சுண்ணாம்பில் வெந்து ஈரத்தோடு பைகளில் அடைத்த மணி, எல்லாம் முடிந்து தகர டப்பாவில் வரும் மணி. டப்பாவை நான் இழிவாகப் பேசமாட்டேன். வேலை நாள் மாலையில் விருந்தாளி வந்துவிட்டால் அதுதான் கைகொடுக்கிறது. ஆனால் டப்பாச் சோளம் ஏற்கெனவே வெந்துவிட்டது. தன்னிடமிருந்து சாற்றுக்குக் கொடுக்க அதனிடம் எதுவும் மிச்சமில்லை. காய்ந்த மணி மூன்று நான்கு மணி நேரம் கொதித்து, தன் மாவைச் சிறிது சிறிதாகக் கரைய விட்டு, சாற்றுக்குக் கொடுக்கும் அந்த மெல்லிய கொழகொழப்பை டப்பாவிலிருந்து பெற முடியாது.

அரைக் கிலோ காய்ந்த, தோலோடு கூடிய சோளத்தைக் கல் பார்த்துக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஒரு மேசைக்கரண்டி சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். வேதியியல் மொழியில் இது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலையில் தடவும் நீற்றிய சுண்ணாம்பும் இதே பொருள்தான். இங்கே சந்தைகளில் இதைச் சமையலுக்கென்று சிறு பொட்டலங்களில் விற்கிறார்கள். நம் ஊரில் செய்பவர்கள் வண்ணமும் வாசனையும் சேர்த்த வெற்றிலைச் சுண்ணாம்பையும், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பையும் தவிர்த்து, உண்ணத் தகுந்தது என்று விற்கப்படும் வெறும் சுண்ணாம்பையே வாங்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். சுண்ணாம்பு நீர் அலுமினியத்தை அரிக்கும்; எனவே இந்த வேலைக்கு அலுமினியக் குண்டானையும் இண்டாலியப் பாத்திரத்தையும் தொடக்கூடாது. எவர்சில்வர் பாத்திரமோ பூச்சு உதிராத எனாமல் பாத்திரமோ போதும்.

சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் போட்டுக் கொதிக்க விட்டால் ஓரிரு நிமிடங்களிலேயே வெளுத்த மணிகள் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறும். முதன்முறை பார்ப்பவர்கள் யாரோ மஞ்சள்தூள் போட்டுவிட்டதாகவே நினைப்பார்கள். சிறு தீயில் பதினைந்து இருபது நிமிடம் கொதித்ததும் ஒரு மணியை எடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்க வேண்டும். தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் அடுப்பை அணைத்து மூடி, காலை வரை அப்படியே விட்டுவிடலாம். அடுக்களை முழுவதும் அன்றிரவு புதிதாக வெள்ளையடித்த சுவரின் வாசமும் தோர்த்தியா என்னும் மெல்லிய ரொட்டியைச் சுட்ட வாசமும் கலந்து நிற்கும்.

இரவு முழுவதும் அந்தப் பாத்திரத்துக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சோள மணியின் வெளித்தோலைப் பிடித்து வைத்திருக்கும் நார்ப்பொருளைச் சுண்ணாம்பின் காரம் கரைக்கிறது. சுண்ணாம்பிலுள்ள கால்சியத்தில் ஒரு பகுதி மணிக்குள் ஏறுகிறது. சோளத்தில் நம் உடலால் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற பி-3 வைட்டமின் விடுபடுகிறது. இந்தப் பக்குவத்துக்கு நிஸ்தமால் முறை என்று பெயர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மத்திய அமெரிக்கப் பகுதி மக்கள் இதைக் கையாண்டு வருகிறார்கள். ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். சுண்ணாம்புப் பக்குவத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். விளைவாக, சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளிடையே தோலைப் பாதிக்கும் பெலாக்ரா என்னும் நோய் பரவியது. ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-இல் அந்த நோயை முதலில் விவரித்தார். பிறகு இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களிலும் அது பல்லாயிரம் பேரை வாட்டியது. 1914 முதல் அங்கே ஆய்வு செய்த ஜோசப் கோல்ட்பெர்கர் அது தொற்றுநோய் அன்று, உணவுக் குறையால் வருவது என்று நிறுவினார். குறைவது நியாசின்தான் என்பது 1937-இல் கான்ராட் எல்வெஜெம் செய்த ஆய்வுக்குப் பிறகே தெளிவாயிற்று. அதுவரை அறிவியல் தேடிக்கொண்டிருந்த மருந்து மெக்சிகோவின் ஒவ்வொரு குடிசையிலும் இரவில் அடுப்பின் மேல் ஊறிக்கொண்டிருந்தது.

காலையில் அந்த மஞ்சள் நீரை வடித்துவிட்டு, சோளத்தைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, இரண்டு கைகளாலும் அரிசி களைவதை விட அழுத்தமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கரைந்த தோல் வழவழப்பான சவ்வாகக் கையில் வரும். தண்ணீர் தெளியும் வரை மாற்றி மாற்றிக் கழுவினால் மஞ்சள் நிறமும் பெரும்பாலும் போய்விடும். இதோடு முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் மிகவும் பொறுமை வேண்டிய வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு மணியின் அடியிலும், கதிரின் தண்டோடு அது ஒட்டியிருந்த இடத்தில், பழுப்பு நிறத்தில் கெட்டியான சிறு முனை இருக்கும். அதைக் கட்டைவிரல் நகத்தாலோ சிறு கத்தியின் நுனியாலோ கிள்ளி எடுக்க வேண்டும். சோளத்தின் தலையைக் கிள்ளுவது என்று இங்கே இதைச் சொல்வார்கள். அந்த முனை நீங்கிய இடத்தின் வழியாகத்தான் நீர் உட்புகுந்து மணியை விரிய வைக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார், எழுபது வயதைக் கடந்தவர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, பேச்சு நிற்காமல் ஒரு கையாலேயே கிள்ளிக்கொண்டிருப்பார். கிள்ளிய மணி வலப்பக்கக் கிண்ணத்தில் விழும், முனை தரையில் விரித்த செய்தித்தாளில் விழும், கண் மட்டும் தெருவில் இருக்கும். "தலை கிள்ளாத சோளம் வாய் திறக்காது, மகளே" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். அரைக் கிலோவுக்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. கிள்ளாமல் விட்டால் சோளம் வேகாமல் போய்விடாது. உண்ணும்போது பல்லில் சிறு உமி தட்டுப்படும், மணிகளும் முழுதாக மலராது. நேரமில்லாதவர்கள் தலை கிள்ளிய சோளத்தையே வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் உள்ள குழந்தைகளை உட்கார வைத்துக் கிள்ளச் சொல்வதும் இந்த ஊரில் வழக்கம்தான்.

கிள்ளிய சோளத்தைப் பெரிய, கனமான பாத்திரத்தில் போட்டு, நான்கு விரற்கடை மேலே நிற்குமளவு புதுத் தண்ணீர் ஊற்றி, குறுக்காக வெட்டிய ஒரு முழுப் பூண்டும் பாதி வெங்காயமும் சேர்த்து அடுப்பில் ஏற்ற வேண்டும். உப்பு இப்போது வேண்டாம். உப்பை முன்னதாகப் போட்டால் சோளம் மலராது என்று இங்கே எல்லாச் சமையற்காரர்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள்; நானும் அதை மீறுவதில்லை. முதல் ஒன்றரை மணி நேரம் சோளம் தனியாகவே கொதிக்கட்டும். மொத்தத்தில் மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் உயரத்தில் உள்ள எர்மோசீயோவின் கணக்கு இது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்சிகோ நகரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் அங்கே இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களும் இதைக் கவனத்தில் கொள்ளலாம். இந்தக் கட்டத்தில் சுண்ணாம்பு முழுவதும் கழுவப்பட்டுவிட்டதால் பிரஷர் குக்கரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்; முக்கால் மணி நேரம் சிறு தீயில் வைத்தால் சோளம் வெந்துவிடும். ஆனால் மூடிய குக்கருக்குள் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடியாது. மலரும் நேரத்தைக் கண்ணால் பார்த்து நிறுத்துவதற்காகவே நான் திறந்த பாத்திரத்தை விரும்புகிறேன்.

இனி இறைச்சி. நாட்டின் பெரும்பகுதியில் பொசோலேக்குப் பன்றி இறைச்சிதான். ஹலிஸ்கோ, கெரேரோ மாநிலங்களில் பன்றித் தலை இல்லாமல் பொசோலேயா என்று கேட்பார்கள். சோனோரா மாட்டுப் பண்ணைகளின் நாடு. 1687-இல் இந்தப் பகுதிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் எயுசேபியோ கீனோ தம் மிஷன்களில் மாடுகளையும் கோதுமையையும் பரப்பினார்; இன்றும் இந்த மாநிலத்தின் சமையலில் மாட்டிறைச்சியும் கோதுமைத் தோர்த்தியாவும் முன்னே நிற்பதற்கு அந்த வரலாறு ஒரு காரணம். எனவே இங்கே பொசோலே சட்டிக்குள் மாட்டிறைச்சி போவதை யாரும் மாற்றுச் சமையல் என்று கருதுவதில்லை. அது இந்த ஊரின் முறை. பொசோலே பற்றி எழுதுவோர் பலர், ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்களின் காலச் சடங்குகளில் பலியிடப்பட்ட போர்க்கைதியின் ஊன் சோளத்தோடு சமைக்கப்பட்டதாகப் பதினாறாம் நூற்றாண்டில் பாதிரியார் பெர்னார்தினோ தே சாகூன் பதிவு செய்திருப்பதையே முதல் வரியாக எழுதிவிடுகிறார்கள். அந்தப் பதிவு உண்மை. ஆயினும் அது குறிப்பிட்ட திருவிழாவில் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் உரிய சடங்கு. அந்தச் சமூகம் நாள்தோறும் உண்ட சோளக் கஞ்சிகளையும் சோளச் சாறுகளையும் விட்டுவிட்டு அதை மட்டும் சொல்வது எனக்கு உவப்பாக இல்லை.

கசாப்புக் கடையில் கேட்க வேண்டியது காலின் கீழ்த்தசை, எலும்போடு. இங்கே அதை சமோர்ரோ என்பார்கள். எலும்பின் நடுவே மஜ்ஜை தெரியும்படி இரண்டு அங்குலக் கனத்துக்குக் குறுக்காக அறுத்துத் தரச் சொல்ல வேண்டும். அரைக் கிலோ சோளத்துக்கு இப்படிப்பட்ட கால் இறைச்சி ஒரு கிலோவும், விலா எலும்போ வால் துண்டுகளோ முக்கால் கிலோவும் சரியாக இருக்கும். மிருதுவான, கொழுப்பற்ற தொடைக்கறி இதற்கு உதவாது. மூன்று மணி நேரக் கொதியில் அது நார் நாராக வறண்டுவிடும். காலின் தசையில் நிறைந்திருக்கும் சவ்வும் நரம்பும்தான் மெல்லக் கரைந்து சாற்றை உதட்டில் ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவருகின்றன. பார்க்க அழகற்ற, விலை மலிந்த துண்டே இந்தச் சட்டிக்கு உயர்ந்தது.

இறைச்சியைச் சோளத்தோடு நேரே போடுவோர் உண்டு. நான் தனிப் பாத்திரத்தில் குளிர்ந்த நீரில் இட்டு, மெதுவாகக் கொதி வரச் செய்து, மேலே திரளும் சாம்பல் நிற நுரையைக் கரண்டியால் பொறுமையாக எடுத்துவிட்டு, நுரை அடங்கிய பிறகே இறைச்சியையும் சாற்றையும் சோளப் பாத்திரத்தில் சேர்க்கிறேன். சாறு தெளிவாக இருக்கும் என்பது மட்டும் காரணமன்று. சோள மணிகளின் மடிப்புகளில் நுரை ஒட்டிக்கொண்டால் பிறகு எடுக்கவே முடியாது. இரண்டு பிரிஞ்சி இலை சேர்த்து, குமிழி மெல்ல மேலெழும் அளவுக்குத் தீயைக் குறைத்து, பாதி மூடி விட்டுவிட்டால் அடுத்த இரண்டரை மணி நேரத்துக்குச் சட்டிக்கு நம் தேவை அதிகமில்லை. நீர் குறைந்தால் கொதிநீரே ஊற்ற வேண்டும். எலும்பிலிருந்து இறைச்சி தானாக நழுவத் தொடங்கும் நேரமும் சோள மணிகள் விரியத் தொடங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். இறைச்சி முந்திக்கொண்டால் அதை எடுத்து வைத்துவிட்டுச் சோளத்தைத் தொடர்ந்து வேகவிடலாம். சோளம்தான் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

இடைப்பட்ட நேரத்தில் மிளகாய் விழுது. காரத்துக்காகச் சேர்ப்பது அன்று இது. நிறத்துக்கும், மிளகாய்ச் சதையின் பழச்சுவைக்கும் சேர்ப்பது. எட்டு குவாஹீயோ மிளகாயும் மூன்று ஆஞ்சோ மிளகாயும் எடுத்துக்கொள்கிறேன். குவாஹீயோ நீண்டு வழவழப்பான தோலோடு செந்நிறமாக இருக்கும். ஆஞ்சோ அகன்று சுருங்கி, கருஞ்சிவப்பாக, உலர்திராட்சையின் இனிப்பு வாசத்தோடு இருக்கும். சோனோராவில் இவற்றுக்குப் பதிலாகச் சிலே கொலொராதோ என்னும் நீண்ட உள்ளூர் வற்றலையே பலர் பயன்படுத்துகிறார்கள். காம்பையும் விதையையும் நீக்கி, சூடான தட்டைக்கல்லில் (தோசைக்கல்லே போதும்) ஒவ்வொரு பக்கமும் சில நொடிகள் மட்டும் அழுத்தி வாட்ட வேண்டும். வாசம் எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். கருகிய ஒரு மிளகாய் முழுச் சட்டியையும் கசக்க வைத்துவிடும். வாட்டியவற்றைச் சுடுநீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, நான்கு பல் பூண்டு, சிறிது வெங்காயம், கால் தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றோடு இறைச்சிச் சாறு ஒரு கரண்டி விட்டு மிக்ஸியில் நைசாக அரைக்க வேண்டும். சீரகத்தில் கை நீளக்கூடாது. நம் பழக்கத்துக்கு ஒரு தேக்கரண்டி போட்டுவிட்டால் பொசோலே கறிக்குழம்பின் பக்கம் சாய்ந்துவிடும். கொத்தமல்லித்தூள், பட்டை, கிராம்பு ஆகியவற்றுக்கு இங்கே வேலையே இல்லை.

அரைத்த விழுதைக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். குவாஹீயோவின் தோல் எவ்வளவு அரைத்தாலும் சிறு தகடுகளாக மிஞ்சி நாக்கில் ஒட்டும். வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தால் பட்டுப் போன்ற விழுது கீழே இறங்கும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயிலோ கொழுப்பிலோ அதைக் கொட்டினால் சீறித் தெறிக்கும். நீளக் கரண்டியோடு சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. நிறம் அடர்ந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வரும் வரை வதக்கி, பச்சை வாசம் போனதும் சட்டியில் சேர்த்து, உப்பும் இட்டு, மேலும் அரை மணி நேரம் கொதிக்க விட வேண்டும். உப்பை இரண்டு தவணையாகப் போடுங்கள். சோளம் மெதுவாகத்தான் உப்பை வாங்கும். சாறு ரசத்தை விடச் சற்றுக் கனமாகவும் குழம்பை விட நன்றாக இளகியும் இருக்க வேண்டும். அடுப்பை அணைக்குமுன் வெங்காயத்தையும் பூண்டுத் தோல்களையும் பிரிஞ்சி இலையையும் எடுத்துவிட்டு, எலும்பிலிருந்து இறைச்சியைப் பெரிய துண்டுகளாகப் பிரித்து மீண்டும் போடலாம். மஜ்ஜை எலும்பை அப்படியே சட்டியில் விட்டு வைக்க வேண்டும். அது யாருடைய கிண்ணத்துக்குப் போகிறது என்பதில் எங்கள் வீட்டில் சிறு சண்டை உண்டு.

இந்த நிலையில் சுவைத்துப் பார்ப்பவர்கள் ஏதோ குறைகிறதே என்பார்கள். குறையத்தான் வேண்டும், ஏனென்றால் பொசோலேயின் மறுபாதி மேசையில் நடக்கிறது. மெல்லிதாக நறுக்கிய முட்டைக்கோஸ், வட்டமாகச் சீவிய முள்ளங்கி, பொடியாக அரிந்த பச்சை வெங்காயம், எலுமிச்சைத் துண்டுகள், காய்ந்த ஓரிகானோ, பொரித்த தோர்த்தியா ஆகியவை தனித்தனிக் கிண்ணங்களில் வந்துவிட வேண்டும். ஆளுக்கு ஆள் அளவு வேறுபடும், சமைத்தவர் தலையிடக்கூடாது. மெக்சிகோவின் எலுமிச்சை நம் ஊரில் ஊறுகாய் போடும் அதே சிறிய, சாறு மிகுந்த வகைதான் என்பதால் இந்த ஒன்றில் நமக்கு எந்தத் தட்டுப்பாடும் இல்லை. ஓரிகானோவைக் கிண்ணத்தின் மேல் இரு உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து உதிர்க்க வேண்டும். சாற்றின் ஆவி பட்டதும் அதன் வாசம் நாற்காலியில் சாய்ந்திருப்பவரையும் நிமிர வைக்கும். இது பீட்சாவோடு பொட்டலத்தில் வரும் ஓரிகானோ அன்று. அது புதினா, துளசி குடும்பத்தைச் சேர்ந்த மத்தியதரைக் கடல் செடி. மெக்சிகோவின் ஓரிகானோ லிப்பியா என்னும் வேறொரு பேரினம். நம் வயல் வரப்புகளில் படரும் பொடுதலைக்கு இது நெருங்கிய உறவு. பொடுதலையையும் தாவரவியலார் முன்பு லிப்பியா என்ற பெயரிலேயே வகைப்படுத்தியிருந்தார்கள்.

காரத்துக்கு சோனோராவில் சில்தெபீன் என்னும் காட்டு மிளகாய். மிளகை விடச் சற்றுப் பெரிய, உருண்டையான சிவப்பு மணி. மலையடிவாரப் புதர்களில் தானாக விளைவதை மக்கள் கையால் பறித்து உலர்த்துகிறார்கள். இரண்டு மணிகளைச் சிறு மர உரலில் நசுக்கிச் சாற்றில் தூவினால் நாக்கில் தீ மூண்டு, அடுத்த நிமிடமே அடங்கிவிடும். மேசையில் சில்தெபீன் இல்லாத வீட்டை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 15 இரவு இந்த நாட்டில் பொசோலே இரவு. 1810 செப்டம்பர் 16 விடியற்காலையில் தொலோரெஸ் ஊரின் பாதிரியார் மிகெல் இதால்கோ மணியடித்து விடுதலைப் போருக்கு மக்களை அழைத்ததை நினைவுகூர்ந்து, முந்தைய இரவே சதுக்கங்களில் கூட்டம் கூடி முழக்கமிடுகிறது. வீடு திரும்பியதும் பொசோலே. எர்மோசீயோவில் செப்டம்பர் என்பது இன்னும் கோடைதான், வியர்வை வழிய வழியக் கொதிக்கும் சாற்றைக் குடிப்பதில் யாருக்கும் தயக்கமில்லை. நாட்டின் தென்மேற்கில் உள்ள கெரேரோவில் வியாழக்கிழமைதோறும் பொசோலே உண்ணும் வழக்கம் இருக்கிறது. அங்கே மிளகாய் சேராத வெள்ளைப் பொசோலேயும், பூசணி விதையையும் பச்சைத் தக்காளி வகை ஒன்றையும் அரைத்துச் சேர்க்கும் பச்சைப் பொசோலேயும் புகழ் பெற்றவை. கொலீமா மாநிலத்தில் சாறே இல்லாமல் வற்ற விட்டு உண்கிறார்கள். எனக்குச் சாறில்லாத பொசோலே ஏற்கவில்லை.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மிளகாயைப் பொறுத்தவரை பேடகி வற்றலும் காஷ்மீரி வற்றலும் குவாஹீயோவின் நிறத்தையும் மிதமான காரத்தையும் பெருமளவு தந்துவிடும். ஆஞ்சோவின் இனிப்புக்கு நேரான மாற்று இல்லை, அதை விட்டுவிட்டுச் செய்யலாம். சிக்கல் சோளத்தில்தான். பாப்கார்ன் சோளம் கல் போன்ற கெட்டி மணி, மலராது. இனிப்புச் சோளம் குழைந்துவிடும். விதைக்கென்று விற்கும் சோளத்தில் பூஞ்சைக்கொல்லி மருந்து பூசியிருப்பார்கள். அதைச் சமையலறைக்குள்ளேயே கொண்டுவரக்கூடாது. உணவுக்கென்று விற்கும் நன்கு முற்றிய வெள்ளை மக்காச்சோளம் கிடைத்தால் அதையே சுண்ணாம்பில் பக்குவம் செய்யலாம். மணி சிறியதாக இருக்கும், மலர்ச்சியும் குறைவாகவே இருக்கும், ஆனால் சுண்ணாம்பு தரும் அந்த மணமும் சாற்றின் கனமும் வந்துவிடும். பெருநகரங்களில் இறக்குமதிப் பொருள் விற்கும் கடைகளில் டப்பாச் சோளம் கிடைத்தால் நீரை வடித்து, ஒருமுறை அலசி, இறைச்சி வெந்த பிறகு கடைசி முக்கால் மணி நேரத்தில் சேர்த்தால் போதும். அப்போது சாற்றுக்குக் கனம் வேண்டுமென்றால் டப்பாச் சோளத்தில் ஒரு கைப்பிடியை மிளகாயோடு சேர்த்து அரைத்துவிடுங்கள்.

மேலே சொன்ன அளவு எட்டுப் பேருக்குத் தாராளமாகப் போதும். ஆள் குறைவு என்று அளவைப் பாதியாக்குவதில் பயனில்லை. உழைப்பு ஏறக்குறைய அதேதான். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் மேலே கொழுப்பு வெண்ணிறத் தகடாக உறைந்திருக்கும். பாதியை எடுத்துவிட்டு மீதியைச் சட்டியிலேயே விடுங்கள், மிளகாயின் வாசம் அந்தக் கொழுப்பில்தான் தங்கியிருக்கிறது. சோளம் இரவோடு இரவாகச் சாற்றைக் குடித்துவிடுவதால் சூடாக்கும்போது கொதிநீர் சேர்த்து உப்பைச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

சுண்ணாம்பில் பக்குவம் செய்யும் நாளில் நான் ஒரு கிலோ சோளமாகவே போட்டுவிடுகிறேன். தலை கிள்ளிய சோளத்தில் பாதியை உறையவைத்துக்கொண்டால் அடுத்த வாரமே கயீனா பிந்தா செய்யலாம். சோனோராவின் இன்னொரு மாட்டிறைச்சிச் சாறு அது. மிளகாய் விழுது கட்டாயமில்லை. மாட்டு வாலும் விலா எலும்பும் முன்சொன்னபடியே வேகவேண்டும். முதல் நாள் இரவு ஊறவைத்த பிந்தோ என்னும் புள்ளி போட்ட பயற்றைச் சோளத்தோடு சேர்த்து, பூண்டும் வெங்காயமும் இட்டு, கடைசியில் தீயில் சுட்டுத் தோலுரித்த நீளப் பச்சை மிளகாய் இரண்டையும் ஒரு பிடி கொத்தமல்லித் தழையையும் போட்டு இறக்க வேண்டும். இதற்கும் எலுமிச்சையும் நசுக்கிய சில்தெபீனும் உண்டு, முட்டைக்கோஸ் தேவையில்லை.